மாலை போடாத போட்டோ

போட்டோக்காரர் வந்து, "நேராப் பாருங்கம்மா, லேசா சிரிங்க" என்றபோதே வசந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

டி.வி. தொடரில் வில்லி மாமியாரைச் சிரிக்கச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுத்த மாதம் அந்தப் போட்டோ சுவரில் தொங்கும். சந்தன மாலை, சின்னச் சிவப்பு பல்பு, கீழே ஊதுபத்தி. ஆளைச் சாகடிக்கப் போகிறார்கள்.

இருபது வருஷம் நாடக மேடையில் தோழியாகவும் வேலைக்காரியாகவும் ஓரமாய் நின்றவள் வசந்தா. நாற்பத்தெட்டு வயதில் கிடைத்தது இந்த மாமியார் வேஷம். அம்பத்தூர் மார்க்கெட்டில் கீரைக்காரிகூட, "அந்தப் பொண்ணுக்கு ஒரு வாய் சோறு போட்டா இன்னா கொறைஞ்சா பூடுவே?" என்று திட்டிவிட்டுத்தான் கீரை கொடுப்பாள். திட்டு வாங்கும்போதெல்லாம் வசந்தாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். இது போனால் இன்னொரு வேஷத்துக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பொண்ணு என்பது மருமகளாக வரும் நாகவல்லி. ஆவடிக்காரி. தொடரில் மருமகளைப் பட்டினி போடும் மாமியார், ஷாட் முடிந்ததும் அயனம்பாக்கத்துப் படப்பிடிப்பு வீட்டு வேப்பமரத்தடியில் அதே மருமகளுக்குச் சோறு பிசைந்து கையில் உருட்டிப் போடுவாள். இரண்டு பேருக்கும் ஒரே டிபன் கேரியர். இரண்டு வருஷப் பழக்கம்.

போட்டோ எடுத்த மறுநாள் நாகவல்லி மரத்தடிக்கு வரவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு மேக்கப் ரூமுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்குப் பசியில்லை என்றாள். பசியில்லாதவள் இரண்டு தடவை ரசம் வாங்கிக்கொண்டதை வசந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரம் பத்திரிகையில் வந்துவிட்டது. கேமராவுக்கு வெளியேயும் மாமியார் கொடுமையாம். வசந்தாவோடு இனி ஒரே வேனில் ஏறமாட்டேன் என்று நாகவல்லி சொன்னாளாம். பக்கத்திலேயே இருவரும் முறைத்துக்கொள்ளும் படம். அது தொடரில் பதினேழாவது வாரம் வந்த காட்சி.

சாகப்போகிறவளை நாலு மிதி சேர்த்து மிதிக்கிறாளே என்று வசந்தாவுக்கு ஆறவில்லை. ஆனால் சண்டை போட அவளுக்கு வராது. யாராவது வசனம் எழுதிக் கொடுத்தால்தான் வரும். நேரே எல்லையம்மன் கோயிலுக்குப் போனாள்.

வசந்தா சாமி கும்பிடும் அழகு ஊருக்கே தெரியும். மனசுக்குள் வேண்டிக்கொள்ளும் வழக்கமே கிடையாது. நாடகக் குரல், கடைசி வரிசை வரைக்கும் போகும். வீட்டுக்காரரின் மூலவியாதி குணமாக வேண்டும் என்று ஒருமுறை முறையிட்டாள். அன்றிலிருந்து அவர் அந்தக் கோயில் தெருப் பக்கமே தலைகாட்டுவதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. நல்ல கூட்டம்.

"தாயே, என் கையால உருட்டிப் போட்டதைத் தின்னவ, என்னைப் பத்தி இப்படி எழுத வச்சிட்டா. அவ முடியெல்லாம் கொட்டிப் போகணும்." கொஞ்சம் யோசித்தாள். "முடி வேணாம், வயசுப் பொண்ணு. தொண்டை கட்டிக்கட்டும். ஒரு வாரம் போதும்."

அம்மன் கேட்டாளோ இல்லையோ, வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். குங்குமம் வாங்கி வெளியே வருவதற்குள் சேதி பாதி அம்பத்தூருக்குப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் ஆவடி. திருநின்றவூர் ரயிலின் பெண்கள் பெட்டியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்களாம். ஆவடி ஸ்டேஷனில் நாகவல்லியை வழிமறித்து, தின்ன சோற்றுக்கு நன்றி இல்லாதவளே என்று ஒரு பூக்காரி கேட்டேவிட்டாளாம். அதைக் கேள்விப்பட்டு வசந்தாவுக்கு வயிறு குளிர்ந்தது. செவ்வாய்க்கிழமை தொடர் ஓடும் நேரத்தில் தெருக் குழாயில் தண்ணீர் வந்தும் பிடிக்க ஆளில்லை.

மூன்றாம் வாரம் புரொடக்ஷன் மேனேஜர் கோதண்டம், பிரேம் போட்ட அந்தப் போட்டோவை வசந்தாவின் கையில் கொடுத்தார்.

"ஊட்டுக்கு எடுத்துகினு போம்மா. நீ சாவல. மூட்டை மூட்டையா லெட்டர் வந்து கீது. மாமியாரைக் கொன்னா டி.வி. பொட்டியவே ஒடப்பேன்னு எழுதறாங்க. நெசமாவே அடிச்சிக்கிற ரெண்டு பேரு கெடைச்சா யாருன்னா உடுவாங்களா? இன்னும் ஒரு வருஷத்துக்கு நீதான்."

வசந்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எல்லையம்மன் கண்ணைத் தொறந்துட்டா. என்னை அழிக்கப் பாத்தவ இப்ப மூஞ்சியை எங்க வச்சிக்குவா?"

கோதண்டம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அம்மன் கெடக்கட்டும். உன்னைப் போட்டோ புடிச்ச அன்னிக்கே அந்தப் பத்திரிகைக்காரனைத் தேடிப் போய், எங்களுக்குள்ள சண்டைன்னு எழுதுங்கன்னு கெஞ்சினதே அந்தப் பொண்ணுதாம்மா. இது ஒண்ணுதான் அக்காவைக் காப்பாத்தும்னுச்சு."

வசந்தா டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேப்பமரத்தடியில் நாகவல்லி, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

வசந்தா எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். உருட்டி நீட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?"

நாகவல்லி உருண்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். பேச வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை. கட்டிப்போன தொண்டையிலிருந்து வெறும் காற்றாகத்தான் வந்தது.

"உங்ககிட்ட சொன்னா நீங்க அம்மன்கிட்ட சொல்லுவீங்கக்கா. நீங்க அம்மன்கிட்ட சொன்னா அம்பத்தூருக்கே கேக்குமே."