மூன்று பேருக்குத் தரை ஆகாது

“அம்மா, ரெண்டு நாற்காலி வேணுமே.”

மகள் விஜயா கேட்டதும் பொன்னம்மாவுக்குச் சுருக்கென்றது. காஜா பேராங் ஊரில், அந்தச் சின்ன வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, வாழையிலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. விஜயாவைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊர் புக்கிட் பாருவிலிருந்து வந்த சாரதாம்பாள், மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“யாருக்குடி நாற்காலி?”

“எங்க புரொபசருக்கும் ஷம்சுதீனுக்கும். அவங்களால தரையில உக்கார முடியாதும்மா.”

“மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்து அஞ்சு வருஷமாச்சு, துரைமாரெல்லாம் கப்பலேறியாச்சு. போறப்ப நாற்காலியை மட்டும் உங்ககிட்டக் கொடுத்துட்டுப் போனாங்களாக்கும்?”

முணுமுணுத்துக்கொண்டே இரண்டு நாற்காலியும் கொண்டுவந்து போட்டாள்.

விஜயாவுக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. அவளைக் காரில் கொண்டுவந்து விட அங்கிருந்து மூன்று பேர். புரொபசர் ராஜரத்தினம், உடன் வேலை பார்க்கும் ஷம்சுதீன், எலிக்கூண்டு கழுவும் அப்பாசாமி. காரை ஓட்டி வந்ததும் அப்பாசாமிதான். பஸ்ஸில் வந்தால் பெண் கரைந்தா போவாள் என்று பொன்னம்மா காலையிலேயே கேட்டுவிட்டாள்.

“அம்மா, இலையை மடியிலே வச்சுக்கட்டுமா?” என்றான் ஷம்சுதீன், நாற்காலியில் காலை நீட்டியபடி.

“தலையிலே வச்சுக்கப்பா. எனக்கென்ன?”

அப்பாசாமி மட்டும் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டாம் தடவை ரசம் கேட்டார்.

“பொண்ணுக்கு அங்கே என்ன வேலை?” என்றாள் சாரதாம்பாள்.

புரொபசர் உற்சாகமாகிவிட்டார். “நம்ம தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி அடுப்புங்க இருக்கும்மா. மைட்டோகாண்டிரியான்னு பேரு. அது எரிஞ்சாத்தான் உடம்புக்குத் தெம்பு. அப்புறம் விதைநெல் மாதிரி சில செல்லுங்க. தசையிலே அடிபட்டா அதுங்க முளைச்சுப் புதுத் தசை கட்டுதான்னு பாக்கறோம்.”

“அடுப்பைப் பத்திப் படிக்கவா அவ்வளவு தூரம் போனா? இங்கேயே நான் சொல்லிக் கொடுத்திருப்பேனே!”

பொன்னம்மா சொன்னதற்குச் சாரதாம்பாளே சிரித்துவிட்டாள். காரியம் கனிந்த மாதிரிதான் இருந்தது. அந்தச் சூட்டோடு பொன்னம்மா, “விஜயா, அத்தை கால்ல விழுந்து கும்பிட்டுக்கோ” என்றாள்.

சுவரில் சாய்ந்திருந்த விஜயா அசையவில்லை. “கையெடுத்துக் கும்பிட்டுக்கறேனே, அத்தை.”

“விழுடி.”

“இன்னைக்கு வேணாம்மா.”

சாரதாம்பாளின் கை இலையிலேயே நின்றது. “பெரியவங்க முன்னாடி குனியாத பொண்ணு, குடும்பத்துல எங்கே அனுசரிச்சுப் போகும்? எழுந்திரு தம்பி, போகலாம்.”

நல்ல இடம். அரசாங்க உத்தியோகத்து மாப்பிள்ளை. எல்லாம் வாசல்படி இறங்கப் போகிறது. பொன்னம்மா வெடித்தாள்.

“படிச்சதுங்க மூணுக்கும் ஒரே திமிரு! உலக்கையை முழுங்கின மாதிரி ஒண்ணுகூட வளையல. இதோ, எலிக்கூண்டு கழுவறவரு. இவரு ஒருத்தர்தான் மனுஷனா தரையில உக்காந்து சாப்பிடறாரு!”

அப்பாசாமி ரசத்தை விட்டுவிட்டு வாயைத் திறந்தார்.

“அண்ணே, வேணாம்” என்றாள் விஜயா அவசரமாக. “சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க.”

“சத்தியம் கிடக்கட்டும் மிஸ்ஸி. கல்யாணம் நின்னு போயிடும் போலிருக்கே!” அவர் சாரதாம்பாள் பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளையால இப்போ குனிய முடியாதும்மா. தொடையில தையல் போட்டிருக்கு. ஐயாவுக்கும் போட்டிருக்கு, ஷம்சு தம்பிக்கும் போட்டிருக்கு. செவ்வாக்கிழமைதான் போட்டாங்க.”

“தையலா? எதுக்கு?” பொன்னம்மா கையிலிருந்த கரண்டி சாம்பார் வாளிக்குள் விழுந்தது.

“ஆஸ்பத்திரியில ஒரு சின்னக் குழந்தை. தசையெல்லாம் கரைஞ்சு நடக்க முடியாமக் கிடக்குது. காரணம் தெரியணும்னா அதோட தசையை நல்ல தசையோட வச்சுப் பாக்கணுமாம். மூணு துண்டு வேணும்னாங்க. ஆளுக்குப் புளியங்கொட்டை அளவு அறுத்துக் கொடுத்துட்டாங்க.”

சாரதாம்பாள் விடவில்லை. “வயசுப் பொண்ணு உடம்புலதான் கத்தி வைக்கணுமா? நீ கல்லுக் குண்டாட்டம் உக்காந்திருக்கியே, நீ கொடுத்தா என்னவாம்?”

“மூணு துண்டும் என்கிட்டத்தாம்மா முதல்ல கேட்டாங்க.”

புரொபசர் நாற்காலியில் நெளிந்தார்.

“நானும் சரின்னுட்டேன். பெரியவங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் ஏது? இந்தப் பிள்ளைதான், ‘மாட்டேன்னு சொல்லத் தெரியாதவர்கிட்டக் கேக்கக் கூடாது’ன்னு சண்டை போட்டு, முதல் ஆளா மேசையில ஏறிப் படுத்துச்சு. அப்புறம் இவங்க ரெண்டு பேரும் சும்மா நிக்க முடியுமா? அதான் மூணு பேருக்கும் தரை ஆகல. நான் மட்டும் சம்மணம் போட்டு ரசம் சாப்பிடறேன்.”



“எத்தனை தையல்டி?” பொன்னம்மா வாளியை வைத்துவிட்டு மகளருகே வந்தாள்.

“நாலுதாம்மா.”

பாதி எழுந்திருந்த சாரதாம்பாள் மறுபடி உட்கார்ந்தாள். இலையை நேராக இழுத்து வைத்துக்கொண்டாள்.

“பாயசம் வரட்டும், பொன்னம்மா.”

பிறகு மகனை ஒரு முறை முறைத்தாள். “நீ என்னடா வேடிக்கை பாக்கறே? அந்தப் பிள்ளை எவ்வளவு நேரமா நிக்குது. போய் ஒரு நாற்காலி கொண்டாந்து போடு. இப்பவே பழகிக்க!”