நாற்பத்தொரு நாள் கடற்கரை

"நாற்பத்தொரு நாள் கடற்கரையிலை இருந்துபோட்டு வந்தனி. திரும்பவும் என்னத்துக்கு பார்சலோனா?"

பஸ்ரியன் சூட்கேசின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டான். மனைவி மக்டலீன் அந்தக் கையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு சட்டையையும் ஒரு துவாயையும் உள்ளே அடுக்கினாள். அவளுடைய கனேடியப் பாஸ்போட் போன கிழமைதான் கைக்கு வந்திருந்தது.

"வாற சனி பிறம்ரனிலை என்ரை அக்காவின்ரை மகளுக்கு முதல் நன்மைப் பூசை. மாமிக்காரி நீ கோயிலுக்கு வராட்டி சனம் என்ன சொல்லும்?"

"மாமி கடலுக்குப் போட்டா எண்டு சொல்லும். நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ."

பத்து வருடமாக இந்த வீட்டில் இதே கதைதான். கள்ளமாகக் கனடாவுக்கு வருகிற வழியில் பஸ்ரியனை அவனுடைய ஏஜென்ற் பனிக்காட்டுக்குள் நடக்கவிட்டான். பிறகு வந்த மக்டலீனை வேறொரு ஏஜென்ற் பார்சலோனாவில், கடற்கரைக்கு நேர் எதிரே ஒரு அறையில் தங்கவைத்தான். "எனக்குக் காடு, மனுசிக்குக் கடல்" என்று தாங்கள் இருக்கிற மோர்னிங்சைட் வட்டாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் பஸ்ரியன். ஆம்பிளைகளுக்குத் தாங்கள் பட்ட பாடுதான் பாடு. அவளும் மறுத்துப் பேசியதில்லை. அம்மா கவலைப்படக்கூடாது என்று, 'கடற்கரையில் சந்தோஷமாக இருக்கிறேன்' என்று ஊருக்குக் கடிதம் எழுதியவளே அவள்தான்.

"கடல்தான் வேணுமெண்டால் ஒன்ராறியோ ஏரி பக்கத்திலை கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிக்கொண்டு போறன்."

"உது ஏரி."

பிடித்த பிடியை அவள் விடுவதாக இல்லை. எட்டு வயது நிலாணி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த பீச் எப்பிடி இருக்கும்? டெல் மீ!"

மக்டலீனின் முகம் கொஞ்சம் இளகியது.

"பத்து மணிக்கு ஐஸ்கிறீம்காரன் மணியடிச்சுக்கொண்டு வருவான். பின்னேரத்திலை பெடியள் சுவரிலை பந்தடிப்பினம். ஒரு மனுசி ஒவ்வொரு நாளும் 'மரியா, மரியா' எண்டு மகளைக் கூப்பிடுவா. அவள் தண்ணியை விட்டு வரவே மாட்டாள். கெக்கட்டம் விட்டுச் சிரிப்பாள்."

"தண்ணி என்ன கலர்?"

மக்டலீன் துவாயை இன்னொருமுறை மடித்தாள்.

"வந்து சொல்லுறன்."

பஸ்ரியன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தியே, நிறம்கூட மறந்துபோச்சு! உந்த லட்சணத்திலை இவவுக்கு அங்கை போகப் பிளேன் வேணுமாம்."

அவளுக்குக் கோபம் மூக்குநுனிக்கு வந்துவிட்டது. சூட்கேசை அடித்து மூடினாள். பாஸ்போட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"நான் ஒண்டும் மறக்கேல்லை. பொலிஸ் கண்டிடும் எண்டு ஏஜென்ற் யன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டி, கதவையும் வெளியாலை பூட்டி வைச்சவன். நாற்பத்தொரு நாளும் அந்தக் கடலை நான் காதாலை கேட்டனான், ஒருநாளும் கண்ணாலை பாக்கேல்லை."