ஆர்டித் வீட்டுச் சுவர்

“மன்னிச்சிருங்க ஆர்டித்” என்றான் லோவெல், ஏணியில் நின்றபடி. ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்வதுதான். அவன் விஸ்கிக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த அவள் வீட்டு வெள்ளைச் சுவரில் கரியைக் குழைத்து அப்பியது போலப் பூஞ்சை ஏறியிருந்தது. பிளீச்சிங் தண்ணீரில் பிரஷ்ஷை முக்கி முக்கித் தேய்த்தான்.

“இறங்கினதும் அந்த நிலவறை ஜன்னலைச் சுத்தித் தேய். அங்கதான் அப்பிக் கிடக்கு” என்றாள் ஆர்டித்.

அவள் பிளம்பர் ஒருவரின் விதவை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். வேறு யாராக இருந்தாலும் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் போயிருக்கும், இவள் கொடுக்கவில்லை. ஆள் வைத்துக் கழுவித் தருகிறேன் என்று லோவெல் சொன்னபோதும், வெளியாள் என் வாசலில் கால் வைக்கக் கூடாது, நீயே வந்து தேய் என்றுவிட்டாள்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்திருந்த கீனன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பவர் போல அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்தில் பெயர் பெற்ற மதுக்கூடங்கள் அவருடையவை. லோவெலின் ரை விஸ்கியை அங்கே வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்திருந்தார். அவர் தலையசைத்தால் லோவெலின் தொழில் பிழைக்கும். இல்லையென்றால் இந்தக் கோடையோடு மூட வேண்டியதுதான்.

பீப்பாயில் கிடக்கும் விஸ்கி மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். அந்த ஆவியைத் தின்றுதான் இந்தக் கறுப்பு வளர்கிறது என்பது கீனனுக்குத் தெரியும்.

“லேபிள்ல எவன் வேணா எதை வேணா அச்சடிச்சுக்கலாம். இது பொய் சொல்லாதுப்பா” என்றார்.

லோவெல் திரும்பாமல் தேய்த்தான். காது மடல் சுட்டது.

அவன் பீப்பாய்களில் இருந்தது தண்ணீர்.

சோளம் மாதிரி சொன்ன பேச்சுக் கேட்கிற தானியம் இல்லை ரை. கொதித்தால் பசையாய்ப் பிடிக்கும், நுரைத்துப் பொங்கித் தரையெல்லாம் ஓடும். முதல் பருவத்திலேயே அது அவனைத் தோற்கடித்துவிட்டது. அதன் பிறகு வெளி மாநிலத்துப் பெரிய ஆலையில் மொத்தமாக வாங்கி, ‘எங்கள் கொட்டகையில் கையால் வடித்தது’ என்று லேபிள் ஒட்டினான். பார்க்க வருகிறவர்கள் பீப்பாயைத் தட்டினால் நிறைந்த சத்தம் வரவேண்டுமே, அதற்குத்தான் தண்ணீர். கொட்டகைச் சுவருக்கு அவனே கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டான்.

ஆர்டித் வீட்டுச் சுவர் ஏன் கறுக்கிறது என்று அவன் யோசித்ததே இல்லை. ஏதோ ஈரம். அவனுக்கு அது சாட்சியாக அமைந்தது, அது போதும். அவன் மன்னிப்புக் கேட்கக் கேட்க ஊர் அந்த லேபிளை நம்பியது.

“உன் பாட்டிலை நேத்து ஹோட்டல் ரூம்ல குடிச்சுப் பார்த்தேன்” என்றார் கீனன். “தப்பில்ல. ஆனா யாரு செஞ்சதுன்னு தெரியல. ஊரே சேர்ந்து செஞ்ச மாதிரி இருக்கு. நல்ல ரைன்னா கன்னத்துல ஒண்ணு வச்சுட்டு அப்புறம்தான் உன் பேரைக் கேக்கணும்.”

ஆர்டித்துக்கு என்ன தோன்றியதோ, விருட்டென்று உள்ளே போனாள். கிறிஸ்துமஸுக்கு லோவெல் கொடுத்த பாட்டிலோடு வந்து, ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினாள். “ரூம்ல குடிச்சது இருக்கட்டும். இங்க நின்னு குடிங்க.”

கீனன் முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல ஆரம்பித்தார். முதலில் மிளகு. அதன் பின்னாலேயே ரொட்டியின் தீய்ந்த ஓரம். இறங்கிய பிறகு தொண்டையில் புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி. கொஞ்சிக் கூப்பிடவில்லை, கையை முறுக்கி உட்கார வைக்கிறது.

அதே லேபிள், அதே விஸ்கி. கறுத்த சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தால் நாக்கும் மயங்கத்தான் செய்யும் என்று நினைத்தான் லோவெல். மனிதன் நம்புவதைத்தான் ருசிக்கிறான்.

“இது வேற பீப்பாய். அதை என் கண்ணு முன்னால திறந்து காட்டு. அந்த ஒண்ணு போதும் எனக்கு” என்று சொல்லிவிட்டுக் கீனன் கொட்டகையை நோக்கி நடந்தார்.

லோவெல் ஏணியை விட்டு இறங்கினான். சாவி பையில்தான் இருந்தது. கை அங்கே போகவில்லை. தூரத்தில் கீனன் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர்டித், அவர்கிட்ட போய்ச் சொல்லத்தான் போறேன். முதல்ல உங்ககிட்ட சொல்லிடறேன். என் பீப்பாய்ல இருக்கறது வெறும் தண்ணி. ஒரு சொட்டு நான் வடிச்சதில்ல. உங்க சுவரைக் காட்டி ஊரை ஏமாத்துனேன். உங்களையும்தான்.”

திட்டுவாள் என்று நின்றான். பிளீச்சிங் வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்தாலும் நியாயம்தான்.

ஆர்டித் பாட்டிலைத் திருப்பி, லேபிளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். கழுத்திலிருந்து முகம் வரைக்கும் சிவந்துபோயிருந்தது. பார்வை நிலவறை ஜன்னலுக்குப் போய், அங்கிருந்து தரையில் விழுந்தது. அவன் கண்ணைப் பார்க்காமல் அவள் பேசியது அன்றுதான்.

“இந்தப் பாட்டில்ல இருக்கறது நான் நிலவறையில வடிச்சது. இத்தனை வருஷமா நீ தேய்ச்சது என் சரக்கோட கறுப்புப்பா.”