கூடு எரியாத வீடு

இன்பமலர் கதிரையில் ஏறி நின்று நத்தார் நட்சத்திர விளக்குக் கூட்டை முன்வாசலில் கட்டிக்கொண்டிருந்தாள்.

கீழே நின்ற அஞ்சலினா கதிரையைப் பிடிக்கவில்லை. தன் மூக்கை மட்டும் பிடித்துக்கொண்டாள். கூட்டிலிருந்து ஒரு வருடத் தூசி கொட்டியது.

“வருத்தக்காரன் கிடக்கிற வீட்டில இதென்ன ஆட்டம், இன்பம்? நாளைக்கு ஒண்டு நடந்தா இதை ஆர் கழட்டுறது?”

“கட்டினவள் கழட்டுவாள், மச்சாள்.”

அஞ்சலினா, இன்பமலரின் கணவர் கிறிஸ்தோபருக்கு மூத்தவள். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இரண்டு நாளாகிறது. வரும்போது தம்பிக்கு ஒரு டசின் அப்பிள் கொண்டுவந்திருந்தாள்.

கரண்டியால் பருக்குகிற தண்ணீரில் பாதி கடைவாயால் வழிந்துவிடுகிற மனிதருக்கு அப்பிள்.

அவற்றைத் தானே வெட்டித் தின்றுகொண்டு, தம்பி மெலிந்துபோனான் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைபேசி அடித்தால்தான் அவளுக்கு அழுகை வரும். கனடாவிலிருந்து யாராவது எடுத்தால் கட்டிலருகே ஓடுவாள், தலைமயிரைச் சரிசெய்வாள், கைபேசியைத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டு அழுவாள். கதைத்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பகலைக்கு என்ன கறி என்று கேட்பாள்.

இதையெல்லாம் இன்பமலர் பொறுத்திருந்தாள். இன்று காலையில் கண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கொழும்பில் வாங்கிவரச் சொன்ன வலி மாத்திரையை எடுக்க அஞ்சலினாவின் பயணப் பையைத் திறந்தாள். மேலேயே கிடந்தது, ஸ்திரிக்கை போட்டு மடித்த வெள்ளைச் சீலை. அதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டை. நத்தாருக்கு உடுக்க ஒரு நிறச் சீலை, அடிவரை தேடியும் இல்லை.

மூச்சோடு கிடக்கிற தம்பியைப் பார்க்க, செத்தவீட்டு உடுப்போடு வந்திருக்கிறாள்.

பெட்டிக்கு அளவெடுக்கிறவன்கூட ஆள் முடியும் வரை வாசலில் காத்திருப்பான் என்று இன்பமலர் நினைத்தாள். இவளுக்கு அந்த வெட்கமும் இல்லை. கூடு கட்டவேண்டாம் என்று இவள் நிற்பதும் அதற்குத்தான். சாவுக்கு நாள் வைத்துவிட்டு வந்தவளுக்கு நட்சத்திரம் இடைஞ்சல்.

கிறிஸ்தோபர் கேட்டது ஒன்றே ஒன்று. விடியக் கண் திறந்து, “கூடு போட்டாச்சா?” என்றார். பிறகு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை.

எதற்காகக் கேட்டார் என்று இன்பமலருக்குத் தெரியும்.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த கையோடு, முப்பது வருடம் பங்குக் கோயிலின் கரோல் குழுவை நடத்தியவர். சாவு கண்ட வீட்டில் அந்த வருடம் கூடு எரியாது. அப்படி இருண்டு கிடக்கும் வீட்டைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு போகவேண்டும் என்பது அவர் வைத்த முறை. குழு அதை இன்றும் மீறுவதில்லை.

இன்று மாலை அவர்கள் வீடு வீடாகப் பாடிக்கொண்டு இந்த ஒழுங்கைக்கு வருகிறார்கள்.

கூடு எரியாவிட்டால் சத்தமின்றிக் கடந்து போய்விடுவார்கள். முன்னறைக் கட்டிலில் கிடப்பவருக்கு அந்தச் சத்தமின்மை கேட்கும். அதற்கு என்ன பொருள் என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஏழு மணி இருக்கும். துறைமுகப் பக்கம் மேளம் கேட்டது.

கடைசி முடிச்சைப் போட்டபடி இன்பமலர் உள்ளே எட்டிப் பார்த்தாள். வாசலோரம் இருந்த ஒரே பிளக்கில் அஞ்சலினாவின் கைபேசி ஏறிக்கொண்டிருந்தது.

“அதைக் கழட்டிப்போட்டு இந்த வயரைக் குத்துங்கோ, மச்சாள்.”

“பாதிகூட ஏறேல்ல.”

மேளம் இரண்டு வீடு நெருங்கியது. அஞ்சலினா அசையவில்லை.

அப்போதுதான், கேற்றடியில் வாழையிலை மென்றுகொண்டிருந்த, ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்றை விரட்டிக்கொண்டு, மூன்றாம் வீட்டுத் தையற்காரி றம்லா உள்ளே வந்தாள். கதிரையில் நின்றவளை எட்ட முடியாமல், கையிலிருந்த பொட்டலத்தை அஞ்சலினாவிடம் நீட்டினாள்.

“அக்காட சட்டை. போன மாசம், அண்ணனை ஆசுபத்திரியால கொண்டுவந்த அடுத்த நாளே துணி தந்தாங்க. நத்தாருக்கு முதல் கட்டாயம் வேணுமெண்டும் சொன்னாங்க. கொஞ்சம் சுணங்கிப் போச்சு.”

சொல்லிவிட்டு, உலையில் சோறு கிடக்கிறது என்று ஓடினாள்.

அஞ்சலினா பொட்டலத்தைப் பிரித்தாள். அடுத்தவர் பொட்டலத்தைப் பிரிக்க அவளுக்கு என்றைக்கும் கூச்சம் இருந்ததில்லை.

சீலைச் சட்டை. கையிலோ கழுத்திலோ ஒரு பூவேலை இல்லாத, தனி வெள்ளை.

அதைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கதிரையில் நின்றவளைப் பார்த்தாள்.

இன்பமலரின் கை கூட்டின் கயிற்றிலேயே நின்றது. காலையில் தான் மனதுக்குள் சொன்ன அத்தனையும், ஒரு சொல் குறையாமல், இப்போது அந்த வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தாள். பெட்டிக்கு அளவெடுக்கிறவன் உட்பட.

அஞ்சலினா சட்டையை நாலாக மடித்தாள். கட்டிலில் கிடந்த தம்பியின் கண்ணில் படாமல் முந்தானைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

பயணப் பையின் சிப் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து கைபேசியைக் கழற்றினாள். வயரைக் குத்தினாள்.

கூடு சிவப்பாக எரிந்தது. கேற்றுக்கு வந்த மேளம் நிற்கவில்லை, உரத்தது. முன்னறைக் கட்டிலின் சட்டத்தில் மெலிந்த விரலொன்று தாளம் தட்டத் தொடங்கியது.

அஞ்சலினா வெளியே வந்து, இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்தாள்.

“இறங்கு. விழுந்து துலைச்சியெண்டா ரெண்டு பேரைப் பாக்க என்னால ஏலாது.”