பட்டுப் பிரிவில் ஒரு காய்ச்சல்

கோவையின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில், பட்டுப் பிரிவின் ஆண்ட்ராய்டு ரோபோக்களுக்கு நடுவே பூங்கோதை நின்றிருந்தாள். அவள் மட்டும்தான் மனுஷி. ஆனால் அவள் சேலையிலும் 'ஆண்ட்ராய்டு' என்ற அதே பேட்ஜ்தான் குத்தியிருந்தது. எடுத்துப் போடுவது மனுஷி என்று தெரிந்தால், இன்னும் நாலு சேலையைப் பிரிக்கச் சொல்ல ஜனங்கள் கூச்சப்படுகிறார்களாம். அதனால் முதலாளி போட்ட விதி.

இன்று அவளுக்குக் காய்ச்சல். முகூர்த்தச் சேலை எடுக்க வந்த குடும்பத்துக்காக அவள் பிரித்துப்போட்ட பட்டுகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. இன்னும் எதுவும் பிடித்தபாடில்லை.

பேட்ஜைப் படித்த அந்தக் குடும்பத்துச் சிறுமி கேட்டாள்: "ஆண்ட்ராய்டுன்னா என்னங்கப்பா?"

"அது கிரேக்க வார்த்தை கண்ணு. மனுஷன் மாதிரின்னு அர்த்தம்."

சிறுமி பூங்கோதையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, கை சுடுதுங்க!"

"சார்ஜ் ஏறியிருந்தா அப்படித்தான் சுடும்" என்ற அப்பா, பூங்கோதையைப் பார்த்து, "அந்த மேல்தட்டையும் இறக்கு" என்றார்.

ஏணியில் ஏறும்போது அவளுக்குக் கண் இருட்டியது. விழாமல் பிடித்துக்கொண்டாள். கீழே நின்ற சிறுமி பயந்துபோய்க் கேட்டாள்: "அக்கா, நீங்க நெசமாவே மனுஷங்கதானே?"

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

"மாதிரிதான் கண்ணு" என்றாள் பூங்கோதை.