விடைக்குறிப்பில் இல்லாதது

காலையிலிருந்து இது இரண்டாவது செய்தி. "மோட்டார் சுவிட்சை அணைச்சதும் ஒரு தடவை தட்டிப் பாரு. சில நேரம் சிக்கிக்கும்" என்று கணவர் அனுப்பியிருந்தார்.

டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. ஆபீஸ் வேலையாக மூன்று நாள் வெளியூர் போகிறவர், இவளுக்குக் குடும்பம் நடத்தவே தெரியாத மாதிரி போகிற வழியெல்லாம் பாடம் எடுக்கிறார். ஒன்பது மணிக்கு வந்த முதல் செய்தி, கேஸ் புக் பண்ணுகிற நம்பர் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது என்பது.

"என்ன டீச்சர், வீட்டுல இருந்தா?" என்றார் பக்கத்து மேஜை வாத்தியார், டீயை ஆற்றிக்கொண்டே.

"ஆமா சார். எதிர்ல இருக்கும்போது பேசினா முத்து உதிர்ந்துடும். பஸ் ஏறினதும் அக்கறை பொத்துக்கிட்டு வருது."

விடைத்தாள் திருத்தும் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருந்த தட்டில் அதைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஒன்பது நாளாக இதே வேலை. சிவப்புப் பேனா பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போயிருந்தது.

இன்றைக்கு முப்பத்தெட்டுத் தாள். எல்லாத் தாளிலும் அதே தையல்காரர்தான்.

வினாத்தாளில் வந்த பத்தி சின்னது. ஒரு தையல்காரர் சாயங்காலம் மிஷினுக்கு எண்ணெய் விடுகிறார். தைத்த துணிகளை மடித்து, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டைக் குத்துகிறார். பட்டன் எந்த டப்பாவில், நூல் எந்த அலமாரியில் என்று கூட வேலை செய்கிறவரிடம் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார். 'இப்பத்தியின் மையக் கருத்து என்ன?' இரண்டு மதிப்பெண்.

விடைக்குறிப்பில் இருந்தது: 'செய்யும் தொழிலில் ஒழுங்கு வேண்டும்.' முப்பத்தேழு பிள்ளைகளும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருந்தார்கள். டீச்சரும் அரைத் தூக்கத்தில் இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசித் தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'அவர் நாளைக்கு வேலைக்கு வர மாட்டார். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்கிறார்.'

கூட்டிப் பார்த்தாள். முப்பத்து மூன்று. தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். இந்த இரண்டு மதிப்பெண் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் திருத்துநரிடம் போனாள். எல்லாருக்கும் அவர் சீஃப்.

சீஃப் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். "வர மாட்டேன்னு அந்தத் தையல்காரர் எங்கயாவது சொல்றாரா?"

"சொல்லல சார்."

"அப்புறம் என்ன? பிள்ளை சொந்தக் கதை விட்டிருக்கு. குறிப்புல இருந்தா மார்க்கு, இல்லேன்னா சைபர்."

"முப்பத்து மூணுல நிக்குது சார்."

"ஒருத்தருக்குப் பாவம் பார்த்தா எல்லாருக்கும் பார்க்கணும் டீச்சர். நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு இது சரின்னு படுதா?"

ஒரு மனுஷர் ஒழுங்காக வேலையை முடித்துவிட்டுப் போவதில் இப்படி ஓர் அர்த்தத்தை இந்தப் பிள்ளை எங்கிருந்து பிடித்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. கண் எரிந்தது. வாதாடவும் தெம்பில்லை.

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, மேஜைக்குத் திரும்பி சைபர் போட்டாள். மனசு கேட்கவில்லை. ஆனாலும் போட்டாள்.

நாலரைக்கு விடைத்தாள் கட்டை ஒப்படைத்தாள். சீஃப் அதைத் துணியில் சுற்றிக் கயிறு போட்டார். அரக்கு முத்திரை விழுந்துவிட்டால் பிறகு யாரும் பிரிக்க முடியாது.

"நாளைக்கு ஞாயிறு. நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்றார் பக்கத்து மேஜை வாத்தியார், பையை மாட்டிக்கொண்டு.

"எங்க சார், துணி மலையா கிடக்கு. ஒரு வருஷமா ஒழுகின குழாயை மட்டும் போன வாரம் அவரே உட்கார்ந்து மாத்திட்டாரு. நூறு தடவை சொல்லியும் அசையாத ஆளு. என்ன ஞானோதயமோ."

வாசலில் தட்டிலிருந்து போனை எடுத்தாள். மூன்றாவது செய்தி காத்திருந்தது. "பாப்பா சர்டிபிகேட் எல்லாம் நீல ஃபைல்ல இருக்கு. என் சாவியைக் கீழ் வீட்டுல குடுத்திருக்கேன்."

மூன்று நாளில் வருகிறவர் எதற்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே படியில் கால் வைத்தாள். அடுத்த படிக்குக் கால் போகவில்லை.

மூன்று செய்திகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். ஸ்விட்ச் ஆஃப் என்றது. இன்னொரு முறை கூப்பிட்டாள். அதே குரல்.

அவள் திரும்பி உள்ளே வந்தபோது சீஃப் அரக்கை உருக்கிக்கொண்டிருந்தார்.

"சீல் வைக்காதீங்க சார். அந்தப் பிள்ளை எழுதினதுதான் சரி."