பின் அட்டை

வெள்ளிக்கிழமை எங்கள் அருங்காட்சியகத்தில், ஊரின் பழைய புகைப்படக்காரர் ஒருவரின் படக் கண்காட்சி திறப்பு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்றுகூட என் கையில் இல்லை. அழைப்பிதழ் மட்டும் ஊரெல்லாம் போய்விட்டது.

பழைய குடும்பங்களின் பட்டியலில் கடைசி வீடு. ஓர் அம்மா கதவைத் திறந்தார்.

“கெஞ்சிக் கேக்கறேம்மா. அவர் எடுத்த படம் ஏதாவது இருக்கா? இல்லேன்னா அருங்காட்சியகத்துல என் சீட்டு கிழிஞ்சிடும்.”

உள்ளே போனவர் ஒரு படத்தோடு வந்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி ஒரு மீசைக்காரர். பின் அட்டையில் புகைப்படக்காரரின் முத்திரை! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

“வேற இருக்காம்மா?”

“நாப்பது இருந்துச்சாம். நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே மாமனார் இது தவிர மத்த எல்லாத்தையும் உங்க அருங்காட்சியகத்துக்குக் குடுத்துட்டார்.”

“இருக்காதும்மா! எங்ககிட்ட பழைய படம் முந்நூறு இருக்கு. ஒண்ணுலகூட அவர் பேர் இல்ல.”

“பின்னாடி திருப்பிப் பாத்தீங்களா? அவர் அட்டையிலதான் முத்திரை குத்துவாராம்.”

கையிலிருந்த படத்தைத் திருப்பி அந்த முத்திரையை மறுபடி பார்த்தேன்.

“ஏன் தம்பி, பத்திரமாத்தானே வச்சிருக்கீங்க?”

பத்திரமாகத்தான் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த வருஷம், பூச்சி அரித்த பின் அட்டைகளையெல்லாம் உரித்து எரித்துவிட்டு, முந்நூறு படங்களையும் பளிச்சென்று புது அட்டையில் ஒட்டியவன் நான்தான். அதற்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் இன்றும் என் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது.